திருக்காஞ்சிப் படித்துறையில் நான் அடித்த கட்டை

மேசை இழுப்பறையைத் திறந்தாலே சிவப்புப் பெயிண்ட் வாடை. பாதை போகும் இடத்தைக் குறிக்க நாம் அடிக்கும் அளவுக் கட்டைதான், ஒரு முழ நீளம், தலையில் மட்டும் சிவப்பு. பிடுங்கிக்கொண்டு வந்ததிலிருந்து வீட்டில் இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். எங்கே வைத்தாலும் மனசு நிலைகொள்ளவில்லை.

வில்லியனூர் கோயிலிலிருந்து ஆற்றங்கரையோடு திருக்காஞ்சி போய், அங்கிருந்து அரிக்கமேடு வரைக்கும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை போட அரசாங்கம் நம்மிடம் வேலை கொடுத்திருந்தது. நீ அளந்தாய், நான் வரைந்தேன். திருக்காஞ்சிக்கு நாம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. படித்துறையில் நாலு ஆடுகளைத் தவிர யாருமில்லை. படிகளின் தலைமாட்டிலேயே பாதையை நேராக இழுத்தேன்.

"அமாவாசைக்கு ஒரு தரம் வந்து பாத்துட்டு கோடு போடலாம்டா. ஜனங்க காரியம் பண்ற எடம் இது" என்றாய்.

"அதுவரைக்கும் யார் காத்திருக்கிறது?" என்று சுத்தியலை உன் கையிலிருந்து பிடுங்கிக் கட்டையை நானே அடித்தேன். திரும்பும்போது ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். மூலக்குளம் தாண்டும்போது நீ பின்னாலிருந்து, "உன் ஸ்கேலுக்கு வளையவே தெரியாதுடா" என்று சிரித்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் அதே படித்துறையில். பக்கத்தில் இன்னும் ஐந்தாறு குடும்பங்கள், கால் வைக்க இடமில்லை. ஈரவேட்டியோடு பிண்டத்தை இலையில் ஏந்தி இறங்கிய உன் தம்பி, கட்டை தடுக்கி முழங்கால் மண்ணில் பட விழுந்தான். உனக்குப் படைத்த சோறு, பாதி சேற்றில் கொட்டிவிட்டது. எழுந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து வாங்கண்ணே, எவனோ இங்க கட்டைய அடிச்சிட்டுப் போயிருக்கான்."

எல்லோரும் போன பிறகு அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் பாதையைக் கோயிலுக்குப் பின்னால் சுற்றி, தோப்போரமாக வளைத்து வரைந்து கொடுத்தேன். "நேரா போறத எதுக்கு சார் வளைக்கிறீங்க? கட்டையெல்லாம் அடிச்சாச்சே" என்கிறார் அதிகாரி. இன்று பதில் சொல்வதாகப் பேச்சு. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அவர் ஒத்துக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். ஆனால் இப்போதெல்லாம் எந்தக் கரையில் இறங்கினாலும், டேப்பை எடுக்குமுன் "இங்க ஜனம் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அன்று நீ பார்க்கச் சொன்னதுதான். அந்த 'எவனோ' நான்தான் என்று உன் தம்பியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.