எல்லையில் நின்ற குஞ்சுகள்

ஜூன் 9, திங்கள்

கோர்ட்டுக்குக் கிளம்பும்போதே மணிவண்ணன் போன். என் கட்சிக்காரர்; நாமக்கல்காரர், ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகர் பக்கம் கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறார். நேற்றுப் பொரித்த குஞ்சுகளோடு போன லாரியைப் பக்கத்து மாநிலச் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்களாம். திரும்பிப் போகவும் விடவில்லை, சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "வெளி மாநிலக் குஞ்சு உள்ளே வரக்கூடாதுன்னு ஆர்டராமுங்க மேடம்."

ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள். 'உள்ளூர்ப் பண்ணையாளர் நலன் கருதி.' நோய் என்று ஒரு வார்த்தை கிடையாது. பொய்யாவது சொல்லியிருக்கலாம்!

அரசியல் சாசனம் 301ஆம் பிரிவு — நாடு முழுக்க வணிகம் தடையில்லாமல் நடக்க வேண்டும். மாநிலம் கட்டுப்பாடு வைக்கலாம். பொதுநலனுக்காக, நியாயமாக, சட்டசபையில் சட்டம் போட்டு. ஒரு தாளில் முடிகிற காரியமா இது?

செக்போஸ்டுக்கு நானே பேசினேன். "அதையெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க மேடம்." வைத்துவிட்டான்.

ஜூன் 10

மனு போட்டாயிற்று. பக்கத்து மாநில உத்தரவுக்கு ஹைதராபாத்துக்கு ஏன் வந்தீர்கள் என்றார் நீதிபதி. குஞ்சு பொரித்தது இங்கே, நஷ்டமும் இங்கே என்றேன். நாளை பார்க்கலாமாம். நாளை! இதென்ன சிமெண்ட் மூட்டையா?

சாயங்காலம் மணிவண்ணன்: "டிரைவர் நூர் முகமது பேசினாருங்க. கத்தற சத்தம் குறைஞ்சு போச்சுங்களாம்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனுவையே திரும்பப் படித்தேன். "எதுக்கு டென்ஷன், டோரிஸ்? கேஸ்தானே" என்கிறார் என் வீட்டுக்காரர் ரூஃபஸ். கேஸ்தான். ஆமாம்.

ஜூன் 11

அந்த மாநில அரசு வக்கீல் பறவைக் காய்ச்சல் என்று ஆரம்பித்தார். "உத்தரவில் எங்கே இருக்கிறது?" என்றார் நீதிபதி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. ஜெயித்தோம்.

லாரி போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் செத்திருந்தன. என்ன ஜெயிச்சு என்ன?

ஜூலை 4

மணிவண்ணன் லட்டோடு வந்தார். பொரிப்பகக்காரர்கள் சங்கத்தின் சார்பில் அரசுக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டுமாம் — பக்கத்து மாநிலக் குஞ்சு மலிவாக வந்து இறங்குகிறது, நம் அரசு அதை நிறுத்த வேண்டும் என்று. எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

"போன மாசம் எதுக்காகச் சண்டை போட்டோம்?"

"அது நம்மள நிறுத்துனதுங்க மேடம். இது வேறைங்க."

"அதே 301தான் மணிவண்ணன்."

"செத்தது என் குஞ்சுங்க."

ஆனாலும் எழுத மாட்டேன் என்றேன். கோபத்தோடு எழுந்து போனார்.

ஜூலை 30

வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் அரசும் ஒரு தாள் போட்டாயிற்று. அதே 'உள்ளூர்ப் பண்ணையாளர் நலன்'. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 1

காலையில் தெலுங்கில் ஒரு போன். சுமலதா என்றார், பக்கத்து மாநிலத்தில் பொரிப்பகமாம். அவர் லாரி நம் எல்லையில் நிற்கிறது. பேப்பரை உடனே அனுப்பச் சொன்னேன். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"மணிவண்ணன்காரு கொடுத்தார். மேடத்தை இப்பவே கூப்பிடுங்க, குஞ்சு தாங்காதுன்னு சொன்னார்."