பெயரேட்டில் ஒரு வரி

மடத்தில் ஏடு எழுதும் என் பேத்திக்கு,

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல நம் ஊர்ப் பாதிரியார் எழுதுகிறார். திட்டுகளையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் தாத்தா ராட்பெர்ட்டின் நினைவு நாளுக்கு உங்கள் மடத்துக் கோவிலுக்கு வந்தேன். பூசையில் மரித்தவர்களின் பெயரேட்டை வாசித்தார்கள். அவர் பெயர் வரவில்லை. வாசலில் நின்ற கன்னியாஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிரபு வீட்டுப் பேரெல்லாம் எழுத எடம் பத்தல பாட்டி. பழைய பேரு சிலதைக் கத்தியால சுரண்டி எடுத்துட்டோம்."

"யாருடி சுரண்டினது?"

"உங்க பேத்திதான். அவ சுரண்டினா ஏட்டுத் தோல்ல தடமே தெரியாது!"

பெருமை வேறு.

"சாமிக்கும் தெரியாதாடி?" என்றேன்.

ஏழு வயதில் உன்னை அங்கே விட்டபோது உன் தாத்தா, வருடா வருடம் தன் பெயரை வாசிப்பார்கள் என்று நம்பித்தான் அந்த ஏட்டின் தோலுக்காகப் பதினோரு கன்றுகளை அறுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கன்றின் நெற்றிச் சுழியும் எனக்கு நினைவிருக்கிறது. மேலிடத்தில் சொன்னார்கள், செய்தேன் என்று பதில் எழுதாதே.

புது வேதப் புத்தகத்துக்கு உங்கள் மடத்தலைவி கேட்டனுப்பிய வெள்ளைக் கன்றின் தோல் இத்துடன் வருகிறது. பாதிரியார் கரியால் எழுதிக் காட்ட, அதன் நடுவில் உன் தாத்தாவின் பெயரைச் செருப்பு தைக்கும் ஊசியால் நானே குத்தியிருக்கிறேன். எழுத்து முழுவதும் ஓட்டைகள்தான். உன் கத்தியை எடுத்து இதையும் சுரண்டிப் பார்.

அவர் உன்னைத் தோளில் சுமந்து வந்த வழியில் தனியாகத் திரும்பி வந்த,
உன் பாட்டி