ஜூஸ் கடையைக் கறந்து பார்த்தது

பிப்ரவரி 3
திராட்சைத் தோட்டத்தை விற்று, பெரிய கம்பெனி பெயரில் ஜூஸ் கடை எடுக்கப் போகிறாராம் என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி. பிரான்சைஸ். தோட்டம் என் பெயரில் இருப்பதால் காலையிலிருந்து எனக்கு மரியாதை பலம். இட்லிக்குச் சட்னிகூட அவரே அரைத்தார்.

கம்பெனி ஆள் சுரேஷ்கண்ணன் ஒரு கலர் புத்தகத்தோடு எங்க ஊர் கோம்பைக்கே வந்துவிட்டார். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். "மாடு வாங்குனாக்கூட மூணு வேள கறந்து பாத்துத்தான் வாங்குவோம். ஒங்க கடையில என்னய மூணு நாள் நிக்க விடுவீகளா?" என்றேன். "மேடம் நல்லா ஜோக்கடிக்கிறாங்க" என்றார். நான் எங்கே ஜோக்கடித்தேன்?

பிப்ரவரி 5
பழனிசெட்டிபட்டியில் தங்கை அனுசுயா கால் பிசகிப் படுத்திருக்கிறாள். ஒத்தாசைக்கு வந்திருக்கிறேன். வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவள் கால் கல்லு மாதிரி இருக்கிறது. தெருமுனையில் அதே கம்பெனிக் கடை. 'வேலைக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 6
சேர்ந்தாச்சு! பச்சைத் தொப்பி, மாஸ்க், கையுறை. முதலாளி ரெக்ஸ், முப்பது வயசிருக்கும், பாவமான முகம். வருகிறவர்களிடம் "வெல்கம், ஹேவ் எ ஃப்ரெஷ் டே" என்று சொல்ல வேண்டுமாம். சொன்னேன். ஒரு பெரியவர் "என்னத்தா வேணும் ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 8
திராட்சைக் கூழ் எங்கோ வடக்கிலிருந்து டப்பாவில் வருகிறது. கம்பெனியிடம்தான் வாங்கணும், வெளியே வாங்கக் கூடாது. கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் நம்ம பன்னீர் திராட்சை குவிந்து கிடக்கிறது — டப்பா விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு. இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க?

பிப்ரவரி 11
ரெக்ஸ் இன்று வாய் திறந்தான். "வித்த காசுல எட்டு சதவீதம் அவுகளுக்குக்கா. லாபமா நட்டமான்னு கேக்க மாட்டாக." அஞ்சு வருஷம் முடியாமல் மூடினால் அபராதம். பக்கத்திலேயே, தேனிக்குள் இன்னொரு கடையையும் அவர்களே திறந்துவிட்டார்கள்.

"கையெழுத்துப் போடுமுன்ன படிச்சியா தம்பி?"

"நாப்பது பக்கம்க்கா. எல்லாம் இங்கிலீசு."

அந்த இடத்தில் என் வீட்டுக்காரரை வைத்துப் பார்த்தேன். ஐயோ சாமி! அந்த மனுசன் போன் பில்லையே படிக்க மாட்டாரே.

பிப்ரவரி 13
புதுசாகக் கடை எடுக்க வருகிற ஒரு ஆளைக் கம்பெனி நாளைக்கு இங்கே கூட்டி வருகிறதாம். கடை நிறையக் கூட்டம் இருக்கணும் என்று உத்தரவு. ரெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்: "தெரிஞ்ச ஆளுகள ஒரு இருவது பேரு கூட்டியார முடியுமாக்கா? ஜூஸ் சும்மாதான்."

"வர்றது யாரு?"

"கோம்பையில இருந்து வர்றாக. ஈஸ்வரபாண்டியாம்."

நல்லவேளை, மாஸ்க் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 14
பதினொரு மணிக்கு அனுசுயா தெருவே கடைக்குள் நின்றது. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அக்காவுக்கு அது மூன்றாவது கப்.

சுரேஷ்கண்ணனோடு என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! "வெல்கம், ஹேவ் எ ஃப்ரெஷ் டே" என்றேன். "தேங்க்ஸ்மா" என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். குரல்கூடத் தெரியவில்லை!

அப்புறம் அனுசுயா கண்ணில் பட்டாள். இரண்டு கையிலும் கப்போடு ஜம்மென்று நிற்கிறாள்.

"ஏத்தா, ஒனக்குக் கால் பெசகலயா? ஒங்கக்கா எங்க?"

மாஸ்க்கை இறக்கினேன். "இங்கனதாங்க இருக்கேன். ஒம்பது நாளாக் கறக்குறேன். பால் இல்ல. இந்தக் கூட்டம் நான் கூட்டியாந்தது."

சுரேஷ்கண்ணனுக்கு உடனே போன் வந்துவிட்டது, வெளியே போய்விட்டார். ரெக்ஸ் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் கல்லாவில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 15
நேற்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர், உத்தமபாளையம் தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டார்: "சம்பளம் குடுத்தானா?"

"அவன்கிட்ட ஏது? தொப்பிதான் மிச்சம்."

மார்ச் 9
தோட்டத்தில் கவாத்து. கூலிக்கு இரண்டு ஆள், மூன்றாவதாக அவரும் கத்தரியோடு கொடி வெட்டுகிறார். தலையில் பச்சைத் தொப்பி. வெயிலுக்குத் தோதாக இருக்கிறதாம்.