மூன்று முறை பூட்டியிருந்த வீடுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்வரை நீயும் நலமாகத்தான் இருந்திருப்பாய். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடைசியில் நீ சொன்னதே நடக்கும். அதனால்தான் எழுதி, தலைமை அலுவலகத்துக்கு வரும் மருந்து வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை. திங்கட்கிழமை நேர்காணலோடு பெரியவளுக்குத் தலைமை அலுவலகப் பதவி நிரந்தரம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தட்டம்மைத் தடுப்பூசி அறிக்கை வெள்ளிக்கிழமை உன் மேசைக்கு வர வேண்டும். எங்கள் வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குப் போட்டாயிற்று என்று எழுதச் சொல்கிறார் மேற்பார்வையாளர். பட்டியலில் இருப்பது எண்ணூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். அதில் இருநூற்றுப் பதினெட்டுப் பெயரை அடித்தால்தான் அந்தத் தொண்ணூற்றேழு வரும். மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தால் பெயரை நீக்கலாம் என்பது விதி. அது நீ கொண்டுவந்த விதி.

அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ களப்பணியில் இருந்தபோது பூட்டிய கதவுக்காக நாலு மாடி ஏறி இறங்கி, வீங்கின காலோடு வருவாய். நான்தான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் போராடி அதைக் கொண்டுவந்தாய். நாங்களும் உன்னை வாழ்த்தினோம்.

ஆனால் அந்த விதிப்படி நாங்கள் அடித்த பெயர்களில் முக்கால்வாசி ஆலைக் குடியிருப்பில் இருப்பவர்கள். கணவனும் மனைவியும் ஆறு மணிக்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். நாங்கள் போவது பத்து மணிக்கு. வீடு பூட்டியிருக்காமல் என்ன செய்யும்?

இப்போது அங்கே ஐந்து குழந்தைகளுக்குத் தட்டம்மை. நூல் சுற்றும் பெண் ஒருத்தியின் மூன்று வயது மகள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் போனேன். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. நீங்க வந்தப்போ நாங்க இல்ல, நாங்க இருந்தப்போ நீங்க வரல, இதுல யாரு இல்லன்னு எழுதுவீங்க என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது அக்கா.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே அங்கே போய்ப் பத்துக் கதவுகளைத் தட்டினேன். ஒன்பது திறந்தன. பல் துலக்கிக்கொண்டே வந்த ஒருவர், அட, நர்சம்மாவுக்கு எங்க வீடெல்லாம் தெரியுமா என்று கேலி செய்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, காலைல அஞ்சு மணின்னு விதியில எங்கம்மா இருக்கு, உங்க அக்கா வேலைக்கு நீங்களே உலை வைக்காதீங்க என்றார்.

நேற்று தொலைபேசியில் நீயும் அதையேதான் சொன்னாய். இந்தச் சுற்ற முடி, மிச்சத்த அடுத்த சுற்றுல பாத்துக்கலாம் என்றாய். அடுத்த சுற்றுக்கு ஆறு மாதம் இருக்கிறது. தொண்ணூற்றேழு என்று எழுதினால் மீதி மருந்தும் ஆட்களும் வெள்ளிக்கிழமையே வேறு வட்டாரத்துக்குப் போய்விடும். எழுபத்தொன்று என்று எழுதினால் இங்கேயே நிற்கும்.

அதனால் அடித்த பெயர்களை எல்லாம் திரும்ப எழுதிவிட்டேன். எழுபத்தொன்று என்று போட்டு, என் கையெழுத்தும் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். கீழே உன் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. நேர்காணல் குழு முதலில் பார்க்கப்போவது இந்த எண்ணைத்தான் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் நீ பட்ட பாடும் தெரியும். என்னை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதே நீதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் வேறு எண் எழுதக் கை வரவில்லை.

கோபம் வந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். இவள் என் அக்கா என்று இத்தனை வருஷமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் அப்படியே சொல்ல விடு.

உன் பேச்சை முதன்முறையாக மீறும்,
தங்கை