மூன்று கவிதா

ஜவ்வாது மலை
18-11-1984

அன்பு மகன் கோபால்சாமிக்கு அப்பா மாதையன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் மருமகள் பாஞ்சாலையும் குழந்தையும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அந்த அஸ்ஸாம் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதமாகக் கடிதம் இல்லையே என்று கவலைப்பட்டிருப்பாய், இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பயப்படாமல் முழுவதும் படி, நம் குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் கலங்கி ஊரில் வாந்திபேதி வந்தது. நம் கவிதாவுக்கும் பக்கத்து வீட்டுச் சின்னதம்பி மகள் கவிதாவுக்கும் ஒரே நாளில் கண்டது. உன்னோடு ரோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பெண் பிறந்தால் கவிதா என்றுதான் வைக்கிறார்கள், நாமும் அதையே வைப்போம் என்று நீ எழுதியிருந்தாய், நான் என் அம்மா பெயரை வைக்க நினைத்திருந்தும் உன் ஆசைக்கு விட்டுவிட்டேன். பாஞ்சாலை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டுத்தான் சின்னதம்பி பெண்டாட்டி குப்பம்மாளும் தன் பெண்ணுக்கு அதையே வைத்தாள். ஊர்க்கோடியில் பெரியம்மாள் பேத்தியும் கவிதா. யார் கூப்பிட்டாலும் மூன்றும் திரும்பிப் பார்க்கும், நாங்கள் சிரிப்போம். பேதி கண்ட அன்றே பாஞ்சாலையும் சின்னதம்பியும் குப்பம்மாளும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஜீப்பில் கீழே ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உன் அம்மாவுக்கும் பேதி கண்டிருந்ததால் நான் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சாமை மூட்டை ஏற்ற ஒடுகத்தூரிலிருந்து வந்த லாரிக்காரன், மாதையன் யாரு என்று விசாரித்து என்னிடம் வந்தான். டீக்கடையில் சொல்லி அனுப்பினார்களாம், "கவிதாப் பாப்பா பூடுச்சாம் பெரிவரே, மதியம் கொண்டாந்துடுவாங்க, பள்ளம் தோண்டி வெக்கச் சொன்னாங்க" என்றான். எந்தக் கவிதா என்று கேட்டேன். "இன்னா, மாதையன் வூட்டாண்டன்னுதான் சொன்னாங்க" என்றான். என் வீட்டுக்குப் பக்கத்தில் என்று சின்னதம்பி அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறான், எனக்கு என் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. உன் அம்மா எழ முடியாமல் படுத்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எதிர்வீட்டு அர்ச்சுனனைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டினேன். அவன் கடப்பாரையை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தான், நான் கொடுக்கவில்லை.

மதியம் ஜீப் வந்தது. முதலில் பாஞ்சாலை இறங்கினாள், தோளில் நம் பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் இரண்டு கையையும் தூக்கி, சாமி, நம்ம கவிதா இருக்குது, நம்ம கவிதா இருக்குது என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் பின்னால் குப்பம்மாள் துணியில் சுற்றிய பிள்ளையோடு இறங்கியதைப் பார்த்தேன். நான் கத்தியது அவள் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வேறு இடத்தில் தோண்டித் தருகிறேன் என்று சின்னதம்பியிடம் சொன்னேன். "வேணாம் பெரிப்பா, தோண்டுனது இருக்கட்டும்" என்றான். நம் பிள்ளையின் உயரத்தை நினைத்து நான் தோண்டிய பள்ளம், அளவு சரியாக இருந்தது.

அடுத்த வாரமே பெரியம்மாள் பயந்து தன் பேத்திக்குக் கோயிலில் காந்தா என்று பெயர் மாற்றிவிட்டாள். பாஞ்சாலை பெயரே சொல்வதில்லை, கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே போய்த் தூக்கிக்கொண்டு வருகிறாள். நாங்களும் மாற்றிவிடுகிறோம் என்று சொல்ல நான் குப்பம்மாளிடம் போனேன். உரலைப் பார்த்துக்கொண்டே, "மாத்தாதீங்க மாமா, நீங்களும் மாத்திட்டா அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட ஊர்ல யாரு இருக்காங்க" என்றாள். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், உலக்கையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதனால் மாற்றவில்லை. தினமும் சாயங்காலம் நான்தான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பிள்ளை ஓடி வருகிறது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறது. குப்பம்மாள் நின்று, ஓடி வருகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. சின்னதம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, அதில் நம் பிள்ளையைப் பற்றி எதுவும் வேண்டாம். மலைச்சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது பிள்ளைக்குக் கவுன் எடுத்தால், போன வருஷம் போல் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே மாதிரி இரண்டு எடுத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
மாதையன்