டால்டா டப்பாவில் புதினா வளர்த்த மதினிக்கு

என் பிரியமான மதினி,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. சிம்மக்கல் வீட்டு மாடிக்கு நேற்றுதான் மறுபடியும் ஏறினேன். உங்கள் டப்பாக்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதினாதான் பாதி அழுகிவிட்டது; அண்ணன் காலையிலும் தண்ணீர் ஊற்றுகிறார், மாலையிலும் ஊற்றுகிறார். கொத்தமல்லி பறிக்காமல் விட்டதில் பூத்துவிட்டது. "பூ நல்லாத்தான இருக்கு?" என்று என்னையே கேட்கிறார்.

நம் வீட்டில் எந்தச் சாமானும் ஓட்டையானதும் குப்பைக்குப் போனதில்லை. காலி டால்டா டப்பா, அடி தேய்ந்த அலுமினியக் குண்டான், பிடி போன பிளாஸ்டிக் வாளி, நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய் டின். எல்லாவற்றுக்கும் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்டு மண் நிரப்பிவிடுவீர்கள். அண்ணன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தகரப் பெட்டியில் கொத்தமல்லி வளர்ந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ரசத்தில் மல்லி மிதந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

எனக்கு அந்த ஐப்பசி மாதம்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அப்போது மூன்று மாதக் கர்ப்பம் எனக்கு. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அம்மா இல்லாத பெண் என்று என் கணவர் மேலூரிலிருந்து கூட்டிவந்து உங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உங்கள் புதினாத் துவையலும் ஒரு கைப்பிடிச் சோறும்தான் வயிற்றில் தங்கின. தினமும் பத்து இலை, பன்னிரண்டு இலை என்று நீங்கள் கிள்ளி எடுப்பதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் ஏறி வந்தார். நம்முடையது மாடியில் ஒற்றை அறை. அதற்கு முன்னால் திறந்த தளம். தளத்துக்குக் கீழே அவர் வீடு. அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். "இம்புட்டு மண்ணையும் தண்ணியவும் தலைக்கு மேல வச்சா ஒழுகாம என்ன செய்யும்? ஒண்ணு இந்தத் தகரமெல்லாம் போகணும், இல்ல நீங்க போகணும்" என்றார்.

அண்ணன் பயந்துவிட்டார். "தூக்கிப் போட்ரு புள்ள. தங்கச்சிய இந்த நெலமையில வச்சுக்கிட்டு நான் எங்க போயி வீடு தேடுவேன்?"

நீங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம்தான் சொன்னீர்கள்: "எல்லாத்தையும் தளத்த விட்டு எடுத்துர்றேங்கய்யா. ஒரு மழை பாருங்க. அப்பவும் ஒழுகுச்சுன்னா நான் சொல்றத நீங்க கேக்கணும்."

இருபத்தாறு டப்பாக்களையும் ஒற்றை ஆளாக அறைக்குள் கொண்டு வந்தீர்கள். நான் எழுந்தபோது, "நீ தூக்காத தனம். இத மட்டும் தலமாட்டுல வச்சுக்க" என்று புதினா டப்பாவை என் பக்கத்தில் வைத்தீர்கள். நாம் மூவரும் செடிகளுமாக அந்த அறையில் ஒரு வாரம் இருந்தோம். கட்டிலுக்கு அடியில் வெந்தயக்கீரை, அடுப்புக்குப் பக்கத்தில் கற்பூரவல்லி. அண்ணன் கறிவேப்பிலைத் தொட்டியைத் தாண்டித்தான் சட்டை மாட்டப் போக வேண்டும்.

மழை ஒரு காலையில் பிடித்துக்கொண்டது. நீங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெறும் தளத்தில் குனிந்து குனிந்து நடந்தீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்க்கிறீர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கீழே சட்டி வைக்கும் சத்தம் கேட்டதும் அவரைக் கூப்பிட்டீர்கள். மழைத்தண்ணீர் வெளியே விழும் தூம்புவாய் ஓரத்தில், கைப்பிடிச் சுவர் விரிசலுக்குள் ஓர் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. தண்ணீர் அதன் வழியாகச் சுழித்து உள்ளே இறங்கியது.

"தளத்தக் கெடுத்தது செடிதாங்கய்யா. ஆனா இது நான் வச்ச செடி இல்ல."

அவர் குனிந்து கன்றை இழுத்துப் பார்த்தார்; வேர் அசையவில்லை. மறுவாரம் கொத்தனார் வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நீங்கள் கெட்டிக்காரி என்று மட்டும் நான் சொல்லிக்கொண்டிருப்பேன். டப்பாக்களைத் திரும்ப வைக்கப் போனபோது, அவை இருந்த இடமெல்லாம் வட்டவட்டமாக ஈரம் ஊறிக் காரை பொருபொருத்து உதிர்ந்திருந்தது. அதை நாம் இருவர்தான் பார்த்தோம். "யாருக்குத் தெரியப் போகுது, விடுங்க மதினி" என்றேன்.

"எனக்குத் தெரியுதுல்ல. அவர் சொன்னதுலயும் கால்வாசி நியாயம் இருக்கு தனம்" என்று சொல்லிவிட்டு நேராகக் கீழே இறங்கிப் போய் அவரிடமே சொன்னீர்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்துக்கொள்கிறேன், அடியில் காற்றுப் போகும் என்றீர்கள். செங்கல்லைக் கொடுத்ததே அவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நம்மை யாரும் போகச் சொன்னதில்லை. என் மகளும் அங்கேதான் பிறந்தாள். உங்கள் மருமகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

மதினி, ஒன்று கேட்கட்டுமா? பல நாளாக நெஞ்சில் வலி இருந்ததாமே. கீழ்வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்களாம். கேட்டதற்கு "ஒண்ணுமில்லக்கா, வாயுவு" என்றீர்களாம். அடுத்தவர் தளத்து ஈரத்தை ஒளிக்கத் தெரியாத உங்களுக்கு, இதை மட்டும் எப்படி ஒளிக்க முடிந்தது? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? மேலூர் என்ன அவ்வளவு தூரமா?

நேற்று அண்ணன் தண்ணீர் வாளியோடு படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "என்னண்ணே?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ போ" என்றார்.

நான் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வர மாட்டேன் என்பார், கடைக்கு நேரமாச்சு என்பார், கோபித்துக்கொள்வார். ஒன்றையும் காதில் வாங்க மாட்டேன். இனி இந்தக் குடும்பத்தில் யார் "ஒண்ணுமில்ல" என்றாலும் நான் அதை நம்பப் போவதில்லை. இது உங்கள்மேல் சத்தியம், மதினி.

என்றும் உங்கள் நாத்தனார்,
தனம்