தூபம் காட்டும் முறை

ஏலூல் மாதம் 2
பள்ளியில் வாத்தியார் வேலையை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. பழக்கம் விடவில்லை, விடியுமுன் எழுந்துவிடுகிறேன். வரும் ஓய்வுநாளில் ஆலயத்தில் எங்கள் ஆசாரியக் குழுவின் வாரம் தொடங்குகிறது. பரிசுத்த இடத்துக்குள் போய்த் தூபம் காட்டும் முறை ஒருவனுக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான். என் வயதுக்காரர்களில் அது விழாதவன் நான் மட்டும்.

ஏலூல் 3
தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசினேன். வேறொன்றும் இல்லை.

ஏலூல் 4
யெமீமா என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"ஏங்க, இடது கண்ணுல பூ விழுந்திருக்கு."
"தூசியா இருக்கும்."
"நாப்பது வருஷமா இந்த மூஞ்சியத்தான பாக்குறேன். தூசி எது, பூ எதுன்னு தெரியாதா எனக்கு?"
பூ விழுந்த கண்ணோடு எந்த ஆசாரியனும் பலிபீடத்தை நெருங்கக் கூடாது. முப்பது வருஷம் நானே சொல்லிக்கொடுத்த சட்டம். ஆனால் எள்ளளவுதானே— யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏலூல் 6
எருசலேம் வந்தாயிற்று. கால்வலி.
"கர்த்தர்கிட்ட போனா நல்லதா கெட்டதா, ஐயா?" என்று பிள்ளைகள் ஒருமுறை கேட்டார்கள். குளிர்காலத்து அடுப்பைக் காட்டினேன். விலகினால் விறைப்போம், ஒட்டினால் சட்டை பற்றும். அடுப்பு கோபித்துக்கொண்டா சுடுகிறது? அது நெருப்பு, அவ்வளவுதான். நல்ல உதாரணம் என்று அன்று நினைத்தேன். எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்று அதில் இல்லையே.

ஏலூல் 11
இன்று எங்கள் குடும்பத்தின் நாள். தூபம் காட்டுபவனைத் தேர்ந்தெடுக்க வட்டமாக நின்று விரல் நீட்டினோம். ஆளை எண்ணக் கூடாது, விரலைத்தான் எண்ணுவார்கள். ஆலய அதிகாரியின் எண்ணிக்கை சுற்றி வந்து என் விரலில் நின்றது.
சித்தப்பா மகன் பிதாயா முதுகில் தட்டினான். "அண்ணே, ஒருவழியா உங்களுக்கே! அழுது தொலைச்சிடாதீங்க."
பிறகு என் குரலே எனக்குக் கேட்டது: "என் கண்ணுல பூ விழுந்திருக்கு. பாருங்க."
அதிகாரி என்னை விளக்கருகே இழுத்துப் பார்த்தார். "இத விரல நீட்டுறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன, வாத்தியாரே? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருதான நீங்க?"
மறுபடி எண்ணினார்கள். பிதாயாவுக்கு விழுந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஏன் சொன்னேன்? பயமா? பொய்யோடு அவர் முன் நிற்க மனமில்லையா? இரண்டும் ஒன்றுதானா? ஐயோ, என்னடா பண்ணிட்ட, இத்தன வருஷம் காத்திருந்து—

ஏலூல் 12
உடற்பழுதுள்ள ஆசாரியர்களுக்கு விறகுக் கூடத்தில் வேலை. பலிபீடத்துக்குப் போகும் கட்டையில் புழு இருக்கக் கூடாது. பார்த்துப் பிரிக்க வேண்டும். அதற்கு வலது கண் போதும். பரிசுத்த உணவில் என் பங்கு உண்டு. சட்டம் அதைப் பறிக்கவில்லை.
பிதாயா தேடி வந்தான். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன்.
"தெரியலண்ணே. தூபத்தப் போட்டேன், புகை வந்துச்சு, விழுந்து கும்பிட்டேன், ஓடி வந்துட்டேன்."
இருவரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவன் அழுதான்.

ஏலூல் 13
காலையில் ஒரு கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது மதியத்துக்குள் அவர் முன் எரியும். சுற்றிலும் பார்த்தேன். மரத்தூள், சிலந்திவலை, தும்மிக்கொண்டிருந்த கால் வளைந்த மல்கியா. வேறு யாரும் இல்லை என்று எழுதக் கை வரவில்லை.
"ஒரே கட்டைய எத்தன தடவ திருப்புவீங்க, வாத்தியாரே?" என்றான் மல்கியா.
"இன்னும் ஒரு தடவ," என்றேன்.